முதாசிர் பாய் போகாத பயணம்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ரயில் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், சூட்கேஸ்களை நடைபாதைவரை அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடை வரும். 'ராக்கெட் பாய் கடை' என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள்கூடக் காட்டிவிடுவார்கள். பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. உரிமையாளர் முதாசிர் பாய் விண்வெளிக்குப் போவதாக இருந்தார். போகவில்லை. ஒரு காரியத்தைச் செய்யாததற்காக ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்கும் ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவருடைய அப்பா தாம்பரம் பஸ் நிலையத்துக்கு வெளியே துணிப்பை விற்றவர். மகன் ஒரு படி மேலே ஏறி, துரைராஜின் கட்டடத்தில் கடை பிடித்தார். துரைராஜ் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா காலத்தில் அந்த இடத்தில் கத்தரிக்காய் விளைந்தது, இப்போது வாடகை விளைகிறது. முதாசிரிடம் பெட்டி வாங்கியவர்கள் எல்லாரும் எங்கேயோ போகிறவர்கள். துபாய்க்குப் போகும் கொத்தனார், அமெரிக்காவுக்குப் போகும் கம்ப்யூட்டர் பையன், மக்காவுக்குப் போகும் பெரியவர். எந்த விமானத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் அவர் அதுவரை ரயிலில் திருச்சியைத் தாண்டியதில்லை.

வீடு பொழிச்சலூரில். விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி போகும், அந்த நேரம் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மனைவி நஃபீசா, மகள் இரம், அவர், மூன்றே பேர்தான். நஃபீசாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒருதடவை ஹஜ்ஜுக்குப் போய்வர வேண்டும். ஊருக்கெல்லாம் ஹஜ் பெட்டி விற்கிற வீட்டில் அது பெரிய ஆசை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

2005-இல் நஃபீசாவுக்காக ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார்கள். அதோடு ஒரு கூப்பன் வந்தது. குலுக்கலில் பெயர் விழும் நான்கு பேரை விண்வெளிக்கே அனுப்புகிறார்களாம். வாஷிங் மெஷினுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது, விளம்பரக்காரர்கள் விற்றால் போதும் என்று இருப்பவர்கள். முதாசிர் சும்மா எழுதிப் போட்டார். பெயர் விழுந்துவிட்டது.

பெரிய ஓட்டல் ஒன்றில் விழா வைத்தார்கள். அட்டையில் செய்த விண்கலத்தின் முன்னால் அவரை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கம்பெனியின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஸ்ரீரங்கன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். வெளிநாட்டுத் தனியார் கம்பெனி ஒன்று கலம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய விமானம் அதைச் சுமந்து மேலே கொண்டுபோய்க் கழற்றிவிடும். அது எஞ்சினைப் பற்றவைத்து நூறு கிலோமீட்டர் உயரம் ஏறும். நாலைந்து நிமிடம் உடம்பில் கனமே இல்லாமல் மிதக்கலாம். கறுப்பு வானத்தையும் வளைந்த பூமியையும் பார்க்கலாம். பிறகு இறங்கிவிடலாம். இன்னும் மூன்று வருடத்தில், ஒருவேளை அதற்கும் முன்னாலேயே.

மறுநாள் துரைராஜ் கடை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பாய், நிலாவுக்குப் போறியாமே?"

"நிலா இல்லண்ணா. நூறு கிலோமீட்டர். மேல போய்ட்டு வந்துடறது."

"அவ்ளோதானா? மேல போய்க் கீழ எறங்கறதுக்கு எங்க வூட்டு மாமரம் போதாதா? நூறு கிலோமீட்டர்னா திண்டிவனம். பஸ்ஸுல போய்ட்டு வந்துகினே இருக்கலாமே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதாசிரும் சிரித்தார். ஆனால் அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது, அதைச் சொன்னார். "எங்கத்தா பை வித்த காலத்துல விமானத்துல யார் போனாங்க? கலெக்டர் போனார், சினிமாக்காரங்க போனாங்க. இப்ப என்கிட்ட பெட்டி வாங்கிக்கிட்டு கொத்தனாரு போறாரு. இதுவும் அப்படித்தான் வரும் பாருங்க. அன்னிக்கு, நம்ம ரோட்லேர்ந்து மொதல்ல போனவன் நான்னு இருக்கும்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில் பெரிய படிப்புப் படித்தவர்களும் பேப்பரில் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். முந்தின வருடம்தான் அமெரிக்கப் பாலைவனத்திலிருந்து ஒரு தனியார் கலம் ஆளோடு அந்த உயரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. அரசாங்கம் மட்டுமே செய்த காரியத்தை ஒரு சின்னக் கூட்டம் செய்துவிட்டது. இனி என்ன தடை என்று எல்லாரும் நம்பினார்கள்.

உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றது கம்பெனி. ஆறு மாதத்துக்கு ஒருதடவை அவர்கள் செலவிலேயே ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை. இதயம், காது, கண், ரத்தம், சிறுநீர், முதுகெலும்பு என்று ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார்கள். முதாசிர் சோற்றைக் குறைத்தார், பிரியாணியைத் தொட மறுத்தார், விடிந்ததும் விமான நிலைய மதில் ஓரமாக நடந்தார். டாக்டர் வேதசிரோமணி, "உங்க வயசுல இப்படி ஒரு ஹார்ட் பாத்ததில்ல" என்று முதுகில் தட்டினார். ஒவ்வொரு தடவையும் நஃபீசா கூட வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைத் தாண்டி அவளை உள்ளே அழைத்துப்போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கணவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

2006 முடிகிற சமயத்தில் ஸ்ரீரங்கன் போன் செய்தார். "அடுத்த வருஷம் நடுவுல இருக்கலாம் சார். தயாரா இருங்க." இருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். முதாசிர் காதில் அது இருக்கும் என்று தங்கிவிட்டது. அங்கேதான் அவர் ஒரு தவறு செய்தார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்னால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வார்கள். 'தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க' என்று கேட்பார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம் என்பதால் வந்த வழக்கம். போகிறவர்களை ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு விருந்து வைத்து, தோளில் சால்வை போட்டு அனுப்புவார்கள். இந்தப் பயணமும் திரும்பி வருவது நிச்சயமில்லாததுதானே என்று முதாசிர் நினைத்தார். நியாயமான நினைப்புதான். ஆனால் ஹஜ்ஜுக்குத் தேதி உண்டு.

"தேதி வரட்டுங்க. அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் நஃபீசா.

"கடைசி நேரத்துல ஓட முடியுமா? எத்தனை வீடு இருக்கு!"

"சொல்லிக்கிட்டா போயிடணுங்க. இல்லன்னா நல்லா இருக்காது."

அவர் கேட்கவில்லை. வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு குரோம்பேட்டை, பம்மல், பல்லாவரம் என்று சுற்றினார். வெகுநாளாகப் பேசாமல் இருந்த சித்தப்பா மகன் கட்டிப்பிடித்து அழுதான். போகிற வீட்டிலெல்லாம் பிரியாணி, தால்ச்சா, சேமியா. உடம்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் பேச்சு அந்த மாதம் காற்றில் போனது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் எல்லாருக்கும் முன்னால் கையேந்தி அவருக்காகத் துஆ செய்தார். துரைராஜ்கூட ரோஜா மாலை வாங்கி வந்து போட்டார். "பாய், கிண்டல் பண்ணதெல்லாம் மனசுல வச்சிக்காத" என்று சொன்னார். முதாசிர் அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

அடுத்த வருடத்தின் நடுப்பகுதி வந்தது. போன் வரவில்லை. அவரே கூப்பிட்டுக் கேட்டபோது, எஞ்சினில் கொஞ்சம் வேலை பாக்கி என்றார்கள். அந்தக் கோடையில், இதே தொழிலில் இருந்த இன்னொரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எரிபொருள் சோதனையின்போது வெடித்து மூன்று பேர் செத்துப்போனார்கள். தரையிலேயே, பறக்கவே இல்லை. பேப்பரில் சின்னதாக வந்தது. எல்லாக் கம்பெனிகளும் மெதுவாகிவிட்டன. ஸ்ரீரங்கன் ஒளிக்காமல் சொன்னார். "ஒரு தடவை மேல போறது பெருசில்ல சார். அதே கலம் திரும்பத் திரும்பப் போகணும், ஆள் சாகாம வரணும். அதுதான் கைக்கு வரமாட்டேங்குது." முதாசிருக்கு இது புரிந்தது. கடையில் ஒரு தடவை ஜிப்பை இழுத்துக் காட்டுவது யாராலும் முடியும். பத்து வருடம் இழுபட்டுத் தாங்குகிற ஜிப்தான் ஜிப்.

புரிந்து என்ன செய்ய? ஊருக்குப் புரியவேண்டுமே. கல்யாண வீட்டுக்குப் போனால், "இன்னும் கெளம்பலியா பாய்?" என்று பந்தியில் கேட்டார்கள். முதலில் அக்கறையாகக் கேட்டவர்கள் பிறகு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்கள். சிறுவர்கள் கடையைத் தாண்டும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னாலிருந்து எண்ணிவிட்டு ஓடினார்கள். சித்தப்பா மகன் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டான். பொய் சொல்லி அழவைத்துவிட்டான் என்று அவனுக்குக் கோபம். முதாசிர் விசேஷங்களுக்குப் போவதை விட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தெரிந்த முகம் இல்லாத பள்ளிவாசலாகப் பார்த்துப் போனார். ஊரார் சோற்றைத் தின்றுவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பவன் என்ற நினைப்பு அவரை உள்ளே அரித்தது. போயே தீரவேண்டும் என்ற வெறி அப்போதுதான் பிடித்தது. முதலில் அது ஆசை. பிறகு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

2008-இல் நஃபீசா ஹஜ் கமிட்டிக்கு இரண்டு பேருக்கும் மனுப் போட்டிருந்தாள். அதுவும் குலுக்கல்தான். இரண்டு பெயரும் விழுந்தன. இரம் ஓடிவந்து சொன்னபோது அவள் கையில் அரைத்த மாவு. அதை உதறக்கூட இல்லை, அப்படியே சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். நவம்பரில் சென்னையிலிருந்து விமானம்.

ஒரு வாரத்தில் ஸ்ரீரங்கன் போன் செய்தார். நவம்பரில் வெளிநாட்டில் பயிற்சி முகாம். வர முடியுமா என்று உடனே சொல்லவேண்டும். வராதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

அன்று மாலை முதாசிர் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கணவனோ, அப்பா, மகன், கூடப் பிறந்தவன் மாதிரி நெருங்கிய ரத்த உறவுள்ள ஆணோ துணைக்கு வராமல் ஒரு பெண் ஹஜ்ஜுக்குப் போக அன்றைக்கு வழியில்லை. நஃபீசாவுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர் போகாவிட்டால் அவளும் போக முடியாது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மக்கா எங்கயும் போயிடாது நஃபீசா" என்றார். "அடுத்த வருஷம் மனுப் போடலாம், அதுக்கடுத்த வருஷம் போடலாம். இது போச்சுன்னா போச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் இந்த ரோட்ல நடக்கறது?"

மேலே ஒரு விமானம் போனது. சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அடுத்த வருஷம் பேர் விழலன்னா?"

"விழும். இந்த வருஷம் விழலியா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரிங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் அவர் மனசு மாறியிருக்குமோ என்னவோ. அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. இரண்டு பெயரையும் ரத்து செய்தார்கள். இரம் அன்றைக்கு அப்பாவோடு பேசவில்லை.

அக்டோபரில் உலகத்துச் சந்தைகள் எல்லாம் சரிந்தன. அமெரிக்காவில் வங்கி திவாலானால் பொழிச்சலூரில் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு முதாசிர் வீட்டைத்தான் காட்டவேண்டும். விண்கலம் கட்டியவர்களுக்குப் பணம் போட்டவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பயிற்சி முகாம் தள்ளிவைக்கப்பட்டது. முதாசிர் மறுநாளே ஹஜ் கமிட்டி அலுவலகத்துக்கு ஓடினார். அவர்கள் இடம் காத்திருப்பவர்களுக்குப் போயிருந்தது. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார், "அல்லா நாடலை பாய்." நாடினான், நான்தான் நாடவில்லை என்று வாய்வரை வந்ததை முதாசிர் விழுங்கிக்கொண்டு படியிறங்கினார்.

நவம்பரில் ஹஜ் விமானங்கள் கிளம்பின. எந்த விமானம் எது என்று கீழேயிருந்து தெரியாதுதான். ஆனால் நஃபீசாவுக்கு நேரம் தெரியும். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்டதும் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நிற்பாள். உதடு அசையும். ஒருநாள் முதாசிர் படி ஏறி வந்து இதைப் பார்த்துவிட்டார். அப்படியே இறங்கிப் போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அவர் மாடிப்பக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் மனுப் போட்டார்கள். பெயர் விழவில்லை. அந்த வருடமே நஃபீசாவின் கால் வீங்க ஆரம்பித்தது. நடந்ததால் என்றாள். பிறகு முகம் வீங்கியது. சோறு இறங்கவில்லை. முதாசிரின் ஆறு மாதப் பரிசோதனைக்கு வழக்கம்போலக் கூட வந்தவளை, வெளியே வந்த டாக்டர் வேதசிரோமணி பெஞ்சில் பார்த்துவிட்டு நின்றார். விரலால் கணுக்காலை அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே இருந்தது.

"இவங்களுக்கு எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

அன்றைக்கே அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, "ரெண்டு வருஷம் முன்னாடி பாத்திருந்தா மாத்திரையிலயே இழுத்துப் பிடிச்சிருக்கலாம்" என்றார். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை தடவை இதே ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறார்கள்! வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். விமானத்தில் போகலாமா என்று நஃபீசா கேட்டாள். வெளிநாட்டில், அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

டிசம்பரில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்ரீரங்கன் வேறு வேலைக்குப் போய்விட்டார். பேசியது புதிதாக ஒரு பெண். வெளிநாட்டுக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது, அதனால் திட்டம் ரத்து, வருந்துகிறோம் என்று படிப்பதுபோலச் சொன்னாள். இத்தனை வருடம் காத்திருந்ததற்காக நான்கு பேருக்கும் ஒரு அன்பளிப்பு அனுப்புகிறார்களாம். நல்ல ரகமான டிராலி சூட்கேஸ்.

முதாசிர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். சிரிப்பு வந்தது. துரைராஜிடம் மட்டும் சொன்னார். துரைராஜ் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "வுடு பாய்" என்றார். "நீ வூட்டுக்காரம்மாவப் பாரு." கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

டயாலிசிஸ் அறையில் நஃபீசா படுத்திருந்தாள். குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர் யோசித்தது ஒன்றுதான். இதைக் கேட்டால் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறும். அன்றைக்குத் திட்டாமல் விட்டதையெல்லாம் இன்றைக்குச் சேர்த்துத் திட்டட்டும். திட்டினால் தனக்கும் பாரம் குறையும். அந்த ஆசையோடுதான் வாயைத் திறந்தார்.

"அந்த விண்வெளி விஷயம் முடிஞ்சுபோச்சு நஃபீசா. கம்பெனிய மூடிட்டாங்களாம். இனிமே கிடையாது."

அவள் மெல்ல முகத்தைத் திருப்பினாள். "கிடையவே கிடையாதா?"

"கிடையாது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஹஜ் பெயரை ரத்து செய்த அன்றைக்கு அழாதவள், டாக்டர் சொன்னபோது அழாதவள், தலையணை நனைய அழுதாள். நர்ஸ் ஓடிவந்து வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று நஃபீசா கையை ஆட்டினாள்.

"என்னால உங்களுக்கு நின்னுபோச்சுன்னு இருக்கக் கூடாதுன்னுதாங்க அன்னிக்கு சரின்னேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "நீங்க மேல போய் அல்லா படைச்சத எல்லாம் முழுசாப் பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லுவீங்க, அது எனக்குப் போதும்னு இருந்தேன். மாடியில நிக்கும்போதெல்லாம் அதைத்தாங்க நெனச்சுக்குவேன். இப்ப நீங்களும் போகலன்னா, நான் எதுக்குங்க என்னோடத வுட்டுக்கொடுத்தேன்?"

முதாசிர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தார். அவளுடைய ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு, மெஷின் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த ரமலானுக்கு நஃபீசா இல்லை. அவள் கேட்டதற்கு அதுவரையிலும் அவர் பதில் சொல்லியிருக்கவில்லை.